சடையப்பன் இன்னும் வீடு திரும்பவில்லை

பூசணிக்காய் அழுகிப்போன பிறகுதான் தமயந்திக்குச் சந்தேகம் வந்தது.

கோயம்புத்தூர் கிலுகிலுப்பை ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் இருந்தது. புது விளையாட்டு வெளியானதும் பெரிய பூசணிக்காய் ஒன்றை வாங்கி, குங்குமம் தடவி, வாசலோரம் வைத்துவிடுவார்கள். அன்றைக்கே உடைக்க மாட்டார்கள். எங்கிருந்தோ ஒரு புண்ணியவான் கடைசிவரை விளையாடி, 'முடித்துவிட்டேன்' என்று எழுதிப் போடுகிற அன்றைக்குத்தான் உடைப்பது. அதுவரைக்கும் ஸ்டுடியோவைச் சேர்ந்த யாரும் வெளியான பிரதியைத் திறந்துகூடப் பார்க்கக்கூடாது. பார்த்தால் கண் பட்டுவிடுமாம். கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கிற கூட்டம்தான். ஆனால் இந்த விஷயத்தில் ஒருத்தரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள். வசனம் எழுதுகிற தமயந்தி எல்லோரையும்விடக் கெடுபிடி.

முதல் நான்கு பாகங்களுக்கும் பூசணிக்காய் வாடுவதற்கு முன்பே உடைந்தது. ஐந்தாவது பாகம், அதாவது கடைசிப் பாகம், பொங்கலுக்கு வந்தது. சித்திரை பிறந்தும் ஒருவர்கூட எழுதவில்லை. விற்பனை மட்டும் பிய்த்துக்கொண்டு போனது. ஒரு நாள் காலை வாட்ச்மேன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மேடம், இத அள்ளிப் போட்டுரட்டுங்களா? ஈ மொய்க்குது" என்றார். தமயந்தி நின்று பார்த்தாள். லட்சக்கணக்கான பேர் வாங்கியிருக்கிறார்கள். அத்தனை பேரில் ஒருத்தர்கூடவா முடிக்கவில்லை? அன்றைக்கு மத்தியானமே வீட்டுக்குப் போய், வழக்கத்தை மீறி, விளையாட உட்கார்ந்தாள்.

சடையப்பனைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. இருந்தாலும் சொல்லிவிடலாம். முதல் பாகத்தில் மனைவி அங்கம்மா, "சாம்பாருக்குக் கறிவேப்பிலை இல்ல, ஓடிப்போய் ஒரு கொத்து வாங்கிட்டு வாங்க" என்று அவனை அனுப்புகிறாள். மஞ்சப்பையோடு கிளம்பியவன் காய்க்காரியின் தொலைந்துபோன ஆட்டைத் தேடப் போய், பாழுங்கிணற்றில் விழுந்து, அங்கே ஒரு ராஜாவின் ஆவியோடு தாயம் ஆடித் தோற்றான். அப்புறம் ஜெயில், கப்பல், பாலைவனம். நான்காம் பாகத்தில் நிலாவில் டீக்கடை போட்டான். பதினாறு வருஷமாக அங்கம்மா அடுப்பில் சாம்பாரை வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். ஐந்தாம் பாகத்தின் பெயரே 'சடையப்பன் வீடு திரும்புகிறான்'.

ஓடவேண்டாம், சுடவேண்டாம், யாரையும் கொல்லவேண்டாம். திரையில் தெரிகிற பொருளைச் சொடுக்கினால் சடையப்பன் அதை எடுத்து மஞ்சப்பையில் போட்டுக்கொள்வான். ஏணியும் போகும், கழுதையும் போகும். பையிலிருந்து ஒன்றை எடுத்து இன்னொன்றின்மேல் பிரயோகித்துப் பார்க்கவேண்டும். சரியாக இருந்தால் கதை நகரும். தப்பாக இருந்தால் சடையப்பன் திட்டுவான். கழுதையை எடுத்துப் பூட்டில் தேய்த்தால், "ஏனுங், இந்தக் கழுதை பூட்டு ரிப்பேரு படிச்சிருக்குதுன்னு உங்களுக்கு எவன் சொன்னான்?" என்பான். ஜனங்கள் சரியான விடையை விட்டுவிட்டு இந்தத் திட்டுக்காகவே தப்புத் தப்பாக விளையாடினார்கள். மனிதர்கள் செய்யக்கூடிய மடத்தனம் அத்தனையும் முன்கூட்டியே யோசித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு திட்டு எழுதியவள் தமயந்தி. அதைப் பேசியவர் மரியசூசை. போத்தனூர்க்காரர். ரயில்வேயில் இருந்துகொண்டே தேவாலயத் திருவிழா மேடைகளில் நகைச்சுவை நாடகம் போட்டவர். அவர் தொண்டையைச் செருமினாலே நாலு பேர் சிரிப்பார்கள். கடைசிப் பாகத்துக்கு வசனம் பேசி முடித்த அடுத்த மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்து, பேச்சுப் போய்விட்டது.

தமயந்தி தான் எழுதிய கதையைத் தானே விளையாடி, ஒரு வாரத்தில் சடையப்பன் வீட்டுத் தெருக்கோடிக்கு வந்து சேர்ந்தாள். பச்சைக் கேட், அதற்குள் வாசல், வாசலில் கதவு. கேட்டைத் திறந்து கதவைத் தட்டினால் கதை முடிந்தது. அப்படித்தான் அவள் எழுதியிருந்தாள்.

கேட்டில் ஒரு பூட்டு தொங்கியது. அவள் எழுதாத பூட்டு. சாவி காக்கைக்கூட்டில் இருந்தது. காக்கை வடை கேட்டது. வடைக்காரருக்கு மூக்குக்கண்ணாடி தொலைந்துபோயிருந்தது. கண்ணாடியைக் கண்டுபிடித்துக் கொடுத்து, வடை வாங்கி, காக்கைக்குப் போட்டு, சாவியை எடுத்துக் கேட்டைத் திறந்தால், உள்ளே இன்னொரு கேட் இருந்தது. அதற்குப் பக்கத்தில் சடையப்பன் இடுப்பில் கைவைத்து நின்று, "என்ற மாமனாரு பாதுகாப்புக்கு ஒரு கேட்டு, பந்தாவுக்கு ஒரு கேட்டு வெச்சவருங்" என்றான். மரியசூசையின் அதே குரல். அந்தக் கடைசி 'ங்'கில் வருகிற சின்ன இழுவைகூட அப்படியே இருந்தது. இதை அவள் எழுதவில்லை. அவரும் பேசவில்லை. ஆனால் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டோமே என்று ஆத்திரமாகவும் வந்தது. மறுநாள் வரைக்கும் விளையாடிப் பார்த்தாள். எட்டாவது கேட்டோடு கணினியை மூடிவிட்டு ஆபீசுக்குக் கிளம்பினாள்.

ஸ்டுடியோவை இரண்டு வருஷம் முன்பு ஒரு பெரிய கம்பெனி வாங்கியிருந்தது. அவர்கள் அனுப்பிய நிர்வாகி ஹரிகேசவன் முப்பது வயதைத் தாண்டாதவன். யாரிடமும் குரலை உயர்த்தமாட்டான். அந்த மரியாதையே தமயந்திக்கு எரிச்சலாக இருக்கும்.

"கதையோட முடிவ எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று நின்றபடியே கேட்டாள்.

"உக்காருங்க மேடம். முடிவு உள்ளதான் இருக்கு. நீங்க எழுதினதுல ஒரு எழுத்தக்கூட நாங்க தொடல."

"அதுக்குப் போற வழியக் காணோமே?"

"வழி இருக்கு. கொஞ்சம் நீளம், அவ்வளவுதான்."

"எவ்வளவு நீளம்?"

"ஆளப் பொறுத்து" என்றான் ஹரி. பிறகு, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னான். "நீட்சின்னு ஒரு மென்பொருள் மேடம். ஆட்டக்காரரோட கை வேகம், கண்ணு, மூச்சு, சிரிப்பு எல்லாத்தையும் கவனிக்கும். அவர் பேசினா பதிலும் பேசும். சலிச்சுப்போய் மூடிட்டுப் போகப் போறார்னு தெரிஞ்சா, உடனே ஒரு பூட்டத் திறந்து விடும். அவர் என்ன கேட்டாலும் குடுத்து உக்கார வைக்கும். சந்தோஷமா இருக்கார்னா இன்னொரு பூட்டு போடும். அதுக்கான கதை, காமெடி எல்லாம் அதுவே எழுதிக்கும். உங்க ஸ்டைல்லயே."

"கடைசிக் கதவு?"

"கடைசிக் கதவுகிட்ட வர்றப்பதானே மேடம் எல்லாரும் ரொம்ப சந்தோஷமா இருப்பாங்க?"

தமயந்திக்குக் காது சூடேறியது. "அட்டையில 'இறுதிப் பாகம்'னு போட்டு வித்திருக்கீங்க. அது பொய் இல்லையா?"

"பொய் இல்ல. இதுக்கப்புறம் பாகம் வராது. இது முடியும்னு நாங்க எங்கயும் சொல்லலியே. மாசச் சந்தா எடுத்தவங்கள்ல நூத்துக்கு ஒருத்தர்கூட விலகல. ஜனங்களுக்கு முடிவு வேண்டாம் மேடம். கேட்டாத்தான் வேணும்பாங்க. குடுத்தா அழுவாங்க."

"சூசைண்ணன் குரல்ல மெஷின் பேசுது. அவர்கிட்டக் கேட்டீங்களா?"

"அவர் சம்மதிச்சிருக்கார். ஐந்தாம் பாகம் முடியற வரைக்கும் மெஷின் பேசற குரலும் தன்னோட குரல்தான்னு ஒப்பந்தத்துல இருக்கு." ஹரி லேசாகப் புன்னகை செய்தான். "ஐந்தாம் பாகம்தான் இன்னும் முடியலியே."

அறைந்துவிடலாம்போல இருந்தது. தமயந்தி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பா நினைக்காதீங்க" என்றான் அவன். "கலைஞர் உரிமைன்னா நாங்க ரொம்பக் கறார். ஸ்டுடியோவுல உக்காந்து அவர் பேசினது எங்க சொத்து. மெஷின் புதுசா பேசற பேச்ச எப்ப வேணா நிறுத்தச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கு. ஒரு ஃபோன் போதும், அந்த நிமிஷமே தானா நின்னுடும், நான்கூடக் குறுக்க வரமுடியாது. அவர் குரல்லயே சொல்லணும், அவ்வளவுதான். கையெழுத்த எவன் வேணா போட்டுடுவான். குரலப் போட முடியாது பாருங்க."

"அவரால பேச முடியாதுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் மேடம். பாவம்" என்றான் ஹரி. அந்தப் 'பாவம்' அவன் வாயிலிருந்து வெறும் மூச்சாகத்தான் வந்தது. பிறகு மேஜைக்கு இந்தப் பக்கம் குனிந்து, "ஒண்ணு சொல்லட்டுமா? இந்த விளையாட்ட ரொம்ப நேரம் ஆடறவங்க யார் தெரியுமா? அவர் சம்சாரம். பிலோமினாம்மா. நன்றி சொல்லி எங்களுக்கு எழுதியிருக்காங்க. அவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க, இத நிறுத்தப் போறேன்னு."

அவள் நேராகப் போத்தனூருக்குத்தான் போனாள். ஆட்டோவில் போகிற வழியெல்லாம் மனசுக்குள் ஹரியைத் திட்டிக்கொண்டே போனாள். சடையப்பனுக்குக்கூட எழுதாத திட்டெல்லாம் வந்தன.

ரயில்வே காலனிக்குப் பின்னால் ஓட்டு வீடு. வாசலில் நிற்கும்போதே உள்ளே மரியசூசையின் குரல் கணீரென்று கேட்டது. "பிலோ, அந்தக் கோழியப் புடிக்காத புள்ள, அது என்ற சின்ன மாமியாரு." பிலோமினாவின் சிரிப்பு. தமயந்திக்கு ஒரு கணம் எல்லாம் சரியாகிவிட்டதுபோல இருந்தது. அண்ணனுக்குப் பேச்சு வந்துவிட்டது என்று நினைத்து, செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே ஓடினாள்.

பிலோமினா ஜன்னலோரம் ஒரு பெரிய டேப்லட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிர்ச்சுவரோரம் சாய்வு நாற்காலியில் மரியசூசை இருந்தார். நாலைந்து நாள் தாடி. வலது கை மடியில் செத்துக் கிடந்தது. பக்கத்து ஸ்டூலில் ஒரு தட்டில் ரசஞ்சாதம் ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

"வா அம்மிணி" என்றாள் பிலோமினா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு நிமிசம் இரு. இந்தக் கேட்டு மட்டும் தொறந்துட்டேன்னா முடிஞ்சுது."

மரியசூசை தமயந்தியைப் பார்த்து இடது கையை உயர்த்தினார். "ஆமா" என்றார். அவருக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு சொல்தான். வா என்பதற்கும், நலமா என்பதற்கும், தண்ணீர் வேண்டும் என்பதற்கும் அதே ஆமா.

தமயந்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "டாக்டர் என்ன சொல்றாருக்கா?"

"பேச்சுப் பழக்கற பொண்ணு வாராவாரம் வந்துட்டு இருந்துச்சு. நாந்தான் வேண்டாம்னுட்டேன். ஒரு எழுத்துக்கு அரைமணி நேரம். அவருக்கும் வேர்த்துக் கொட்டுது, எனக்கும் பாக்க சகிக்கல."

"முதல் வருஷம்தான் முக்கியம்னு சொன்னாங்களே? வீட்டுல பேசிப் பேசிப் பழக்கணும்னு."

"சொல்லுவாங்க. சொல்றவங்களுக்கென்ன?" பிலோமினா டேப்லட்டைத் தூக்கிக் காட்டினாள். "இங்க பாரு. இவரு எங்கூடப் பேசறாரு. கல்யாணத்துக்கு முன்னாடி என்னை எப்பிடிக் கூப்புட்டாருன்னு ஒருநா சொன்னேன். அன்னைலேருந்து அப்பிடியே கூப்பிடறாரு. நான் சாப்டேனான்னு கேக்கறாரு."

"அது அவரில்லக்கா."

"எனக்குத் தெரியாதா?" பிலோமினாவின் குரல் சட்டென்று உயர்ந்தது. "நான் என்ன கிறுக்கியா? நாப்பது வருசம் என்ற வீட்டுக்காரரு நிறுத்தாமப் பேசிட்டு இருந்த வீடு இது. ஒரு நாள் காலைல எந்திரிச்சுப் பாத்தா சத்தமே இல்ல. ஆமாங்கறாரு. எதக் கேட்டாலும் ஆமாங்கறாரு. நீங்கெல்லாம் ஆஸ்பத்திரில ஆப்பிள் குடுத்துட்டுப் போனீங்க. அதுக்குப் பொறவு யாரு வந்தீங்க? இந்தப் பொட்டிதான் வந்துச்சு!"

ஆப்பிள் கொடுத்துவிட்டுப் போனவர்களில் தமயந்தியும் ஒருத்தி. ஆனாலும் அவளுக்குக் கோபம் அடங்கவில்லை. இந்த அம்மாவின்மேல் கோபப்பட முடியாததால், இந்தத் தனிமையைக் கண்டுபிடித்து அதில் பூட்டு பூட்டாக மாட்டி வைத்திருக்கிறவர்கள்மேல் அது இரட்டிப்பாகிப் போனது. ஹரி சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். இந்தக் கேட் திறந்தால் இன்னொரு கேட் வரும் என்றாள். கேள்விமேல் கேள்வி கேட்டுப் பதிலுக்கு மெஷின் அன்பு காட்டுவது, அக்கா எழுந்து போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் என்றாள். அண்ணன் ஃபோனில் ஒரு வார்த்தை சொன்னால் இது நின்றுவிடும் என்பதையும் சொன்னாள்.

மரியசூசை நாற்காலியில் நிமிர்ந்தார். இடது கையை நீட்டி மனைவியின் மடியிலிருந்த டேப்லட்டைக் குப்புறக் கவிழ்த்தார்.

"தெனமும் இப்பிடித்தான் பண்ணுவாரு" என்றாள் பிலோமினா. "வெளிச்சம் கண்ணக் கூசுதாட்ட இருக்கு."

"அண்ணா" என்றாள் தமயந்தி. "உங்க குரல அவங்ககிட்டேருந்து திருப்பி வாங்கிரலாமா?"

"ஆமா."

"எல்லாத்துக்கும்தான் ஆமாம்பாரே" என்றாள் பிலோமினா.

தமயந்தி ஒரு நொடி யோசித்தாள். "சரி. இந்தக் குரல் இப்பிடியே பேசிட்டு இருக்கட்டுமா அண்ணா?"

மரியசூசை வாயை இறுக்க மூடிக்கொண்டார். தலையை இடதும் வலதுமாக ஆட்டினார். ஆமா வெளியே வந்துவிடக்கூடாது என்று பல்லைக் கடித்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பிலோமினா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து மாதத்தில் அவர் மறுத்துச் சொல்வது இதுதான் முதல் தடவை. அல்லது அவள் பார்த்தது முதல் தடவை.

"ஃபோனப் போடு" என்றாள் மெதுவாக.

கலைஞர்களுக்கான உதவி எண். பெண் குரல், தேன் தடவியதுபோல. "வணக்கம். உங்கள் பெயரையும் கோரிக்கையையும் உங்கள் சொந்தக் குரலில் கூறவும்."

தமயந்தி ஃபோனை அவர் வாயருகே பிடித்தாள். மரியசூசை மூச்சை இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. "ம... ம... மரி..." அதற்குமேல் வரவில்லை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு காலத்தில் பத்துப் பேர் குரலில் மாற்றி மாற்றிப் பேசி மைதானத்தையே சிரிப்பில் உருட்டியவர், தன் பெயரைச் சொல்லத் திக்கித் திணறிக்கொண்டிருந்தார். "மரி... சூ... ஆமா... ஆமா..."

"மன்னிக்கவும்" என்றது தேன் குரல். "குரல் பொருந்தவில்லை. நீங்கள் மரியசூசை அல்ல. கலைஞரைப்போல ஆள்மாறாட்டம் செய்வது சட்டப்படி குற்றம் என்பதை நினைவூட்டுகிறோம்."

பிலோமினா எழுந்தாள்.

"யார்றி அது?" என்றாள். பிடுங்காத குறையாக ஃபோனை வாங்கினாள். "யாரப் பாத்துடி மரியசூசை இல்லைங்கற? தாலி கட்டிக்கிட்டவ நான் சொல்றேன், இவரு மரியசூசை! உன்ற மெஷினுக்குப் பொறந்த நாளு எது, இவருக்குப் பொறந்த நாளு எது? இவர்கிட்டக் களவாண்டுட்டு இவரையே குத்தவாளிங்கறயா?"

"குரல் பொருந்தவில்லை" என்றது அது. "மீண்டும் முயற்சிக்க, காத்திருக்கவும்."

பிலோமினா மூச்சு வாங்க நின்றாள். கணவனைப் பார்த்தாள். அவர் தலைகுனிந்து மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஃபோனைத் தமயந்தி கையில் கொடுத்துவிட்டு டேப்லட்டை எடுத்து நிமிர்த்தினாள். திரையில் சடையப்பன் கேட்டுக்கு முன்னால் மஞ்சப்பையோடு நின்றுகொண்டிருந்தான்.

"பிலோ! எங்க போயிட்ட புள்ள? இந்தக் கோழி என்னைய முறைக்குது" என்றான்.

"நான் சொல்றத அப்பிடியே திருப்பிச் சொல்லு" என்றாள் பிலோமினா. "என்ற பேரு மரியசூசை. என்ற குரல்ல இனிமே யாரும் பேச வேண்டாம். இப்பவே நிறுத்துங்க."

சடையப்பன் சிரித்தான். "அட, என்ன புள்ள இது, ஸ்கூல் ஆண்டுவிழா நாடகமா? நான் மனப்பாடத்துல வீக்கு."

"சொல்லு."

"கோழியப் புடிச்சுட்டுச் சொல்லட்டா?"

பிலோமினா அணைக்கும் பொத்தானில் விரலை வைத்தாள். அவள் குரலில் கோபம்கூட இல்லாமல் போயிருந்தது. "நீ சொல்லாட்டி நான் இப்பவே மூடிருவேன். இனிமே இந்தப் பக்கம் வரவே மாட்டேன். என்ற மூச்செல்லாம் பாப்பியாமே? பாரு. பொய் சொல்றனான்னு பாரு."

மெஷின் பார்த்தது. அவளுடைய விரல், கண், மூச்சு எல்லாவற்றையும் பார்த்திருக்கவேண்டும். போகப் போகிறவர்கள் கேட்டதைக் கொடுத்து உட்காரவைக்கத்தான் அதற்குத் தெரியும். யாரையும் வழியனுப்பத் தெரியாது. தமயந்தி அவசரமாக ஃபோனை டேப்லட்டின் பக்கத்தில் பிடித்தாள்.

"சரி புள்ள, கோவிச்சுக்காத" என்றான் சடையப்பன். தொண்டையைச் செருமினான். "என்ற பேரு மரியசூசை. என்ற குரல்ல இனிமே யாரும் பேச வேண்டாம். இப்பவே நிறுத்துங்க."

"நன்றி, திரு. மரியசூசை" என்றது தேன் குரல். "உங்கள் குரல் உறுதி செய்யப்பட்டது. உங்கள் கோரிக்கை உடனடியாக ஏற்கப்படுகிறது."

திரையில் சடையப்பன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. கோழி மறைந்தது. மெஷின் போட்ட கேட்டுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மெஷினுக்குப் பேச வாயில்லாததால் புதுப் பூட்டு போடவும் வழியில்லாமல் போயிற்று. மிச்சம் இருந்தது தமயந்தி எழுதி, மரியசூசை ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேசியது மட்டும்தான். பச்சைக் கேட். வாசல். கதவு.

பிலோமினா கதவைச் சொடுக்கினாள். அங்கம்மா கதவைத் திறந்து கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். "சாம்பாரு எறக்கியாச்சு. கை கழுவிட்டு வாங்க" என்றாள். சடையப்பன் திரும்பி ஆட்டக்காரரைப் பார்த்து, "வர்றனுங். நீங்களும் உங்க ஊட்டுக்குப் போங்" என்றான். கதவு சாத்திக்கொண்டது. அந்த நேரம் உலகத்தில் எத்தனையோ திரைகளில் அதே கதவு சாத்திக்கொண்டிருந்தது.

ஐந்து நிமிஷத்தில் தமயந்தியின் ஃபோன் அடித்தது. ஹரிகேசவன். முதல் தடவையாகக் குரலை உயர்த்தினான்.

"என்ன மேடம் பண்ணியிருக்கீங்க? அது மோசடி! பேசினது மரியசூசை இல்ல, எங்க மெஷின்!"

"அப்படியா? அப்ப நீங்க ஊருக்கெல்லாம் மரியசூசை குரல்னு வித்தது அவர் குரல் இல்லையா?"

"அது... ஒப்பந்தத்துல..." என்று இழுத்தான் ஹரி.

"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க ஹரி. அது அவர் குரல்னா, அவர் நிறுத்தச் சொல்லிட்டார். அவர் குரல் இல்லைன்னா, இத்தனை நாளா ஜனங்ககிட்டப் பொய் சொல்லிச் சந்தா வாங்கியிருக்கீங்க. எதுன்னு முடிவு பண்ணிக் கோர்ட்டுல வந்து சொல்லுங்க. நாங்க காத்திருக்கோம்." அவன் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டாள். நாளைக்கு வேலை இருக்காது என்பது நிச்சயம்; அதைப்பற்றி நாளைக்கு யோசித்துக்கொள்ளலாம்.

வீட்டில் சத்தமே இல்லை. பிலோமினா டேப்லட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய் ரசத்தைச் சுடவைத்துப் புதிதாகச் சாதம் பிசைந்து எடுத்துவந்தாள். நாற்காலிக்கு எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, ஒரு வாய் ஊட்டினாள்.

மரியசூசை மென்று விழுங்கினார். அடுத்த வாய்க்கு வாயைத் திறக்கவில்லை. மனைவியின் மணிக்கட்டை இடது கையால் பிடித்து நிறுத்தினார்.

"உ..." என்றார்.

பிலோமினா அவர் முகத்தைப் பார்த்தாள். அவருக்கு உதடு கோணிக்கொண்டு போனது. "உ... உ..."

என்ன சொல்ல வருகிறார் என்று யூகித்து எடுத்துக் கொடுக்கத் தமயந்தி வாயைத் திறந்தாள். பிலோமினா கண்ணாலேயே அவளை அடக்கினாள். ஒரு ரயில் வந்து, நின்று, கிளம்பிப் போனது. சாதம் கையிலேயே ஆறியது. அவர் கன்னத்தில் வியர்வை வழிந்தது. அவள் துடைக்கவில்லை, அசையவில்லை, அவசரப்படுத்தவில்லை. காத்திருந்தாள்.

"உ... ப்பு" என்றார் மரியசூசை கடைசியில். மூச்சு வாங்கினார். அப்புறம் புருவத்தை உயர்த்தி, நாற்பது வருஷமாக இந்த வீட்டில் கேட்ட அதே எரிச்சலோடு சொன்னார். "இ... ல்ல."